பகலில் தூக்கிக் கட்டிய கொசுவலை

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். கடத்தூர் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு டெங்கு வந்து, எங்கள் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தேன். ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தவன் நான். எனக்கு வந்தபோது மட்டும் சாதாரண ஜுரம்தான் என்று சாதித்தேன். கண்ணுக்குப் பின்னால் குத்துவலி, இடுப்பில் தாங்க முடியாத உளைச்சல். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் வாயை மூடினேன்.

காய்ச்சல் வார்டு நிரம்பிவிட்டதால் பொது வார்டில் இடம் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் ஒருவர். மரவள்ளிக்கிழங்கு லாரியில் லோடு ஏற்றும்போது மேலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். காயமும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. இரண்டும் அடங்கினால்தான் ஆபரேஷன் என்று காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நல்ல பேச்சுத்துணை.

என் கட்டிலுக்குக் கொசுவலை கட்டினார்கள். "எனக்குத்தான் ஏற்கெனவே வந்துருச்சே சிஸ்டர், இனிமே கொசு கடிச்சா என்ன ஆவப்போவுது?" என்று கேட்டேன்.

"உங்களுக்காக இல்லீங்க. உங்களக் கடிச்ச கொசு அடுத்தவங்களக் கடிக்கக் கூடாதுன்னுதான்" என்றார் நர்ஸ்.

தலையாட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனதும் வலையைச் சுருட்டி மேலே கட்டிவிட்டேன். உள்ளே ஒரே புழுக்கம், பேசுகிறவர் முகமும் சரியாகத் தெரியவில்லை. சாயந்திரம் இறக்கிக்கொண்டால் போதும், கொசு அப்போதுதானே வரும் என்பது என் எண்ணம். டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும் என்று என் கடைச் சுவரிலேயே நோட்டீஸ் இருக்கிறது. ஒட்டியவனும் நான்தான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டு, வந்து அழைத்துப் போகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர், "மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குதுங்க, எந்திரிக்காதீங்க" என்றார். கேட்டால்தானே? கழிப்பறைக்குப் போக எழுந்தவன் இரண்டடி வைப்பதற்குள் விழுந்தேன். அசைய முடியாத அந்த மனிதர், எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியில் ஓங்கி ஓங்கி அடித்து வார்டையே கூட்டியிருக்கிறார். காய்ச்சல் விடும் நேரம்தான் இந்த நோயில் ஆபத்தான நேரம், ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிக்கல் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

வீடு திரும்பி இரண்டு வாரம் கழித்து, மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். அதே கட்டில். இந்த முறை வலைக்குள் அவர் இருந்தார். கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள்.

"வாங்க மெடிக்கல்காரரே. உங்களுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு பாருங்க" என்று சிரிக்கப் பார்த்தார்.

தட்டணுக்கள் இறங்கிவிட்டதால், குறித்திருந்த ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். இந்த ஒரு மாதமாக அவர் வார்டை விட்டு வெளியே போகவில்லை. என்னைக் கடித்த கொசு, கிருமி அதன் உடம்பில் வளர எடுக்கும் பத்து நாள் போலக் கழித்து அவரைக் கடித்திருந்தால், இந்த நேரத்துக்குத்தான் காய்ச்சல் வரும். நின்ற இடத்திலேயே நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகவே வந்தது.

மறைக்கத் தோன்றவில்லை. வலையைத் தூக்கிக் கட்டியதையும், நர்ஸ் காரணம் சொன்ன பிறகும் அதைச் செய்ததையும் சொன்னேன்.

"அட வுடுங்க. எந்தக் கொசு எங்க கடிச்சுதுன்னு யாரு கண்டா?" என்றார் அவர்.

தலைமாட்டில் அவர் மனைவி நின்றிருந்தார். "அவரு வுடுங்கன்னுதான் சொல்லுவாருங்க. நான் சொல்ல மாட்டேன். எழுந்து நடப்பாருன்னு நாளு எண்ணிக்கிட்டு இருந்தேங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. பழத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

டெங்குவிலிருந்து அவர் தேறிவிட்டார். ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளி நடந்தது. இப்போது ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கிறார், லாரியில் ஏறுவதில்லை. அது விழுந்ததால் வந்ததா, தள்ளிப்போனதால் வந்ததா என்று டாக்டரைக் கேட்கலாம். இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் பெருந்தன்மையாகச் சொன்ன வார்த்தை கொஞ்ச நாளில் எனக்குச் சௌகரியமாகப் பழகிவிட்டது. அந்த அம்மா சொன்னது மட்டும் இன்னும் உறுத்துகிறது, உறுத்தட்டும் என்றுதான் நானும் விட்டு வைத்திருக்கிறேன்.