கியர் ஆயில் மாற்ற அமாவாசையே நல்ல நாள்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவருக்குக் கியர் போடும் வேலையும் இல்லை, அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்யும் எண்ணெயின் ஞாபகமும் இல்லை. அந்த மறதியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. வீடு வீடாகப் போய் ஏசி, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் என்று எதையாவது பிரித்துப் போடும் சகோதரர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புதிதல்ல. "நல்லா ஓடிகினு இருந்துச்சு, நீ தொட்டப்புறம்தான்..." என்ற பேச்சு நம் எல்லோருக்கும் பொது.

சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் கார்களுக்கு அடியிலேயே இளமையைக் கழித்துவிட்டு, சொந்த ஊரான ஆரணிக்குத் திரும்பினேன். வீட்டுக்கே வந்து ஆட்டோமேட்டிக் காருக்குக் கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றித் தரப்படும் என்று போர்டு எழுதி ஸ்கூட்டரில் மாட்டினேன். பெயின்ட் காய்வதற்குள், டவுனில் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் துரைசாமி மேஸ்திரி, "ஆட்டோ கியரைத் தொறந்தா அவ்ளோதான், வண்டியை எடைக்குப் போட வேண்டியதுதான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். என் மனைவி செல்வி கெடு வைத்தாள். பொங்கலுக்குள் தொழில் காலூன்ற வேண்டும். இல்லாவிட்டால் அவள் அண்ணன் சொல்லி வைத்திருக்கும் செய்யார் கம்பெனி வேலைக்குப் போய்விட வேண்டும். ஷிஃப்ட், கழுத்தில் அட்டை, கம்பெனி பஸ். அந்த பஸ்ஸை நினைத்தாலே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலை தேடிக் கிளம்பிவிடுவேன்.

தறிக்கு லீவு

எங்கள் தெருக்களில் கார் நிற்கும் வீட்டில் பெரும்பாலும் தறியும் இருக்கும். எங்கே போனாலும் ஒரே பதில்: "தறி ஓடிகினு கீதுங்க, அப்பறமா வாங்க." அந்த அப்பறம் வரவே இல்லை. ஒருநாள் பார்த்தால் தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. சொந்தமாகத் தறிகள் வைத்து நடத்தும் ஏகாம்பரம் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அமாவாசை! அன்று இங்கே யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். இந்த ஊரில் பிறந்தவன், சென்னையில் அதை மறந்தே போயிருக்கிறேன். ஏகாம்பரத்தின் கார், முன்னால் போக 'டி' கியரில் போட்டதும் எருமை முட்டியது போல ஒரு இடி இடித்துவிட்டுத்தான் கிளம்பும். "மேஸ்திரி இன்னா சொன்னாரு தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "சரி வா, இன்னிக்கு சும்மாதான கீறேன்" என்று எழுந்துவிட்டார்.

காரைத் தூக்கி நிறுத்தச் சமதளம் வேண்டும். தரை சாய்ந்திருந்தால் எண்ணெய் அளவு பொய் சொல்லும். அவர் வீட்டு வாசலோ ஒரே சரிவு. கொஞ்சம் யோசித்துவிட்டு, பாவு போடும் தெருவுக்கு வண்டியை விடச் சொன்னார். புடவையின் நீளவாட்டு நூலைக் காலையில் இழுத்துக் கட்டிச் சீர் செய்கிற தெரு அது. நூலுக்காகப் பார்த்துப் பார்த்து மட்டம் செய்த தரை. ஸ்டாண்டுகள் மேல் கார் ஏறியதும், வேலையில்லாத தெரு மொத்தமும் வேடிக்கைக்கு வந்துவிட்டது. ஏகாம்பரத்தின் மனைவி குப்பம்மா பூசணிக்காய் சுற்றி உடைத்தார், சரியாக நான் படுக்க வேண்டிய இடத்தில். குங்குமமும் விதையும் முதுகில் அப்பிக்கொள்ள நான் உள்ளே நுழைந்தபோது அவர் சொன்னார்: "வண்டிக்கு எது ஆனாலும் ஆவட்டும் தம்பி, உனக்குத் திருஷ்டி கழிஞ்சிடுச்சு."

மருமகள் புடவை

கியர்பாக்ஸின் அடியில் ஒரு தட்டு இருக்கும். போல்ட்டுகளை ஒரு பக்கமாகத் தளர்த்தினால் தட்டு மெல்லச் சாய்ந்து எண்ணெய் வடியும். வடிந்தது. சுண்டக் காய்ச்சிய கஷாயம் போலக் கறுப்பு. கூட்டத்தில் 'உச்' கொட்டினார்கள். பழைய ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டைத் துடைக்கத் துணி கேட்டேன். ஏகாம்பரம் பெருந்தன்மையாக ஒரு கூடைத் தறிக்கழிவு நூலைக் கொண்டுவந்து கொட்டினார். நான் தட்டை அவசரமாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒரே ஒரு பிசிறு உள்ளே போனாலும் புது ஃபில்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த ஊரில் சைக்கிள் செயினிலிருந்து சாமி விளக்கு வரை கழிவு நூலால்தான் துடைப்பார்கள்; நான் வேண்டாம் என்றதும் தெருவே முறைத்தது.

பிசிறு விடாத துணி வேண்டும் என்றேன். பிசிறு விடாத துணி என்றால் அந்த வீட்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நெய்ததில் கோளாறு விழுந்து, கடைக்காரர் திருப்பி அனுப்பிய பட்டுப் புடவையை எடுத்துவந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார் குப்பம்மா. பட்டால் துடைத்த கியர்பாக்ஸ் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது! புது ஃபில்டரைப் பொருத்தி, தட்டை மாட்டி, வடிந்த அளவு புது எண்ணெயை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்து, அளவு பார்த்துக் காரை இறக்கினேன். ஏகாம்பரம் 'டி'யில் போட்டார். இடி இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்கியது போலக் கார் நகர்ந்தது. தெரு கை தட்டியது. குப்பம்மா மிச்சப் புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்: "மருமவளுக்குன்னு வெச்சிருந்தேன், போவட்டும், இவ்ளோ அமைதியா அவ எந்தக் காலத்துலயும் நடக்கமாட்டா."

இரண்டு பாட்டில்

அந்தக் கூட்டத்தில் சாயப்பட்டறை நடராஜனும் இருந்தார். அடுத்த அமாவாசைக்கு அவருடைய கார். வேலை முடிந்ததும் பழைய எண்ணெயில் ஒரு பாட்டில், புது எண்ணெயில் ஒரு பாட்டில் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். போட்ட ஒவ்வொரு சாயத்திலும் சாம்பிள் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. ஒன்று கறுப்பு, ஒன்று கல்யாணப் புடவைச் சிவப்பு. இரண்டையும் பட்டறை வாசலில் ஜோடியாகக் கட்டித் தொங்கவிட்டார். நூல் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்குச் செலவில்லாத விளம்பரம், அவருக்குத் தீராத எரிச்சல். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அலுத்துக்கொள்வார்: "இவ்ளோ நல்ல செவப்ப நான் வெச்சதே இல்ல, ஆனா ஒருத்தன்கூட அந்தச் செவப்பப் பொடவைக்குக் கேக்க மாட்றான்."

முன்னால் மேடு, பின்னால் மாடு

பெரணமல்லூர் பக்கம் விவசாயி முனுசாமி, செல்போனில் வீடியோ பார்த்து ஃபில்டரைத் தானே மாற்றிவிட்டார். இன்ஜின் உறுமியது, கார் அசையவில்லை. அது நின்றது மாட்டுக்கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு. முன்னால் மேடு, பின்னால் மாடு, தள்ள வழியில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது, முனுசாமி முதலில் கூப்பிட்டிருந்த துரைசாமி மேஸ்திரி கை கட்டி நின்றுகொண்டிருந்தார். "நான் சொன்னேன் இல்ல, எடைக்குத்தான்" என்றார் என்னைப் பார்த்து. இந்தக் கார் நகராவிட்டால் ஏகாம்பரத்தின் கார், நடராஜனின் கார் எல்லாம் மறந்துபோய் இது ஒன்றுதான் ஊர் வாயில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணெதிரே செய்யார் பஸ் வந்து நின்றது.

ஸ்டாண்டு வைத்துக் காரை ஏற்றி, தட்டை இறக்கி, முனுசாமி போட்ட ஃபில்டரை உருவினேன். அது சொருகும் துளைக்குள் விரலை விட்டுத் தடவினேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது! அதன் மேல் புதியதைச் சொருகினால் சரியாகப் பொருந்தாது. ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற கதைதான், காற்றுதான் வரும். பழைய வளையத்தை நெம்பி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, எண்ணெய் ஊற்றிக் கிளப்பினேன். கார் மேட்டில் ஏறிக் களத்தில் போய் நின்றது. களத்தின் மட்டத்தில் அளவு பார்த்துவிட்டு நிமிர்ந்தால் மேஸ்திரியைக் காணோம். அவிழ்த்துவிட்ட மாடுகளின் பின்னால் ஓடிக்கொண்டே முனுசாமியின் மனைவி கத்தினார்: "கார் கெடக்குதுங்க, மாடு வெளிய வந்துச்சே, அதுக்கே உங்களுக்குக் கோடி புண்ணியம்!"

பஞ்சர்

மார்கழி அமாவாசை. பொங்கல் நெருங்கிவிட்டது. அன்று ஒர்க்‌ஷாப்புக்கும் லீவு. மேஸ்திரியிடமிருந்து போன். "வூட்டாண்ட வா. ஜல்தி. ஸ்கூட்டரை உள்ள வுட்டுடு, போர்டு வெளிய தெரியக் கூடாது." போனேன். கேட்டைச் சாத்தினார். உள்ளே அவருடைய மருமகன் வாங்கிக் கொடுத்த ஆட்டோமேட்டிக் கார். ஏகாம்பரம் காரின் அதே இடி. எடைக்குப் போடவில்லையா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பையிலிருந்து பட்டுத் துண்டை எடுத்தேன். இப்போதெல்லாம் அது இல்லாமல் நான் கிளம்புவதில்லை. மேஸ்திரி தன் கையாலேயே டார்ச் பிடித்தார். கறுப்பு எண்ணெய் வடிந்தபோது டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் நாதஸ்வரமே வாசித்தது, மறைப்பானேன்.

முடித்ததும் அவரே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது, அதை அவரால் அடக்க முடியவில்லை. "நல்லாத்தான் கீது" என்றார். பிறகு, "எவனா கேட்டா பஞ்சர் ஒட்ட வந்தேன்னு சொல்லு." நான் செல்வியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அன்று மாலை அவள் அண்ணன் போனில் செய்யார் வேலை பற்றிக் கேட்டபோது, தெருவுக்கே கேட்கும் குரலில் அவள் சொன்னாள்: "அந்த பேஜாரெல்லாம் வேணாண்ணா, மேஸ்திரி கார் படுத்துக்கினாக்கூட இவுருதான் போய் எழுப்பணும்!"

செய்யார் பஸ் நான் இல்லாமலே போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் மேஸ்திரி சொல்லச் சொன்னதையே கேட்டவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருப்பதால் பாதி ஆரணி என்னைப் பஞ்சருக்குக் கூப்பிடுகிறது, எனக்கோ இன்றுவரை பஞ்சர் ஒட்டத் தெரியாது.