மைக்செட்டின் நேர்காணல்

தெருவில் அவருக்கு மைக்செட் என்று பெயர். அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து உப்பு கேட்டால் நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் டப்பாவோடு வந்துவிடுவார்கள் என்பது தெருக்காரர்கள் கட்டிவிட்ட கதை. முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. அவர் வேலை விசைத்தறிக் கூடத்தில். தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது. சரி என்றால் தலையை ஆட்ட வேண்டும், இல்லை என்றால் கையை விரிக்க வேண்டும், அவசரம் என்றால் அடித்தொண்டையிலிருந்து கத்த வேண்டும்.

இப்போது இன்னொரு ஆலையில் துணி சோதிக்க ஆள் எடுக்கிறார்கள். அமைதியான அறை. விளக்குப் போட்ட மேஜைமேல் துணி நகரும். இழை விட்ட இடத்தில் குறி வைக்க வேண்டும். தறிக்கூடத்திலேயே கிடந்தால் மிச்சமிருக்கிற காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அந்த வேலை அவருக்குக் கிடைத்தே ஆக வேண்டும். முதல் நேர்காணல் போனில்தான்.

ஒத்திகைக்கு மச்சினி வந்திருந்தாள். நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு போனில் பேசுவதுதான் அவள் பிழைப்பு. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தாள். அவர் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து எடுத்தார்.

"வணக்கங்க!"

கதவு திறந்தது. "மாமா, போனை வச்சிருங்க. உங்க குரலே நடந்து ஆலைக்குப் போயிரும்."

அடுத்த முறை குரல் இறங்கியது. "ஷிப்ட் மாத்தி மாத்தி வர முடியுமா?" என்று கேட்டாள். பதிலே இல்லை. "ஹலோ? மாமா, லைன்ல இருக்கீங்களா?"

"அதான் சொன்னேனே!"

"எங்க சொன்னீங்க?"

"தலைய ஆட்டுனாருடி," என்றாள் அவர் மனைவி, அடுப்பைப் பார்த்தபடியே. "பலமாத்தான் ஆட்டுனாரு."

அதன் பிறகு மனைவி எதிரே உட்கார்ந்துகொண்டாள். தலை ஆடும்போதெல்லாம் முழங்காலில் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. முழங்கால் சிவந்தது. வாய் வழிக்கு வந்தது.

"வேலைய ஏன் விடுறீங்கன்னு கேப்பாங்க," என்றாள் மனைவி. "முன்னேறணும்னு ஆசைன்னு சொல்லுங்க. காதுப் பேச்சையே எடுக்காதீங்க. ரிப்பேர் வண்டிய எவன் வாங்குவான்?"

"நான் என்ன வண்டியா?"

"ஹாரன் மட்டும் நல்லா இருக்குற வண்டி."

மறுநாள் காலை போன் வந்தது. எதிர்முனையில் ஒரு பெண்மணி, அவசரமில்லாத குரல். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதவிசாகப் பதில் சொன்னார். மனைவி கதவோரம் நின்றாள். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

"முன்னேறணும்னு..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். எதிர்முனை குறுக்கிடாமல் காத்திருந்தது. பரிதாபப்பட அங்கே ஒரு முகம் இல்லாதது அவருக்கு வசதியாக இருந்தது.

"உண்மையச் சொல்லிடுறேங்க. காது போய்ட்டிருக்கு. வலது பரவால்ல. இடதுல ஒரு வருஷமாவே ஒண்ணும் கேக்கல."

கதவோரத்தில் நின்றவளிடம் அவர் "காதுல கொஞ்சம் இரையுது" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"இங்க பின்னாடி துணி வண்டி போய்ட்டும் வந்துட்டும் இருக்கும். மணி அடிச்சா ஒதுங்கணும்," என்றது குரல். "உங்களுக்குக் கேக்குமா?"

"இடது பக்கமா வந்தா கேக்காதுங்க."

"அப்ப இடது பக்கம் சுவர் இருக்குற மேஜையாத்தான் பாக்கணும். வியாழக்கிழமை நேர்ல வாங்க. எங்க டாக்டர் காதைப் பாக்கட்டும். அப்புறம்தான் முடிவு சொல்ல முடியும்."

"வந்துர்றேங்க."

போனை வைத்ததும் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷமாவா?"

"ம்."

"அப்ப ராத்திரியில நான் பேசுனதெல்லாம் தலகாணிக்குத்தானா?"

"பாதி கேக்கும்."

"எந்தப் பாதி?"

அவர் வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

"யாரோ ஒருத்திகிட்ட சொல்ல முடியுது. என்கிட்ட முடியல."

"அவங்க மொகம் தெரியல. அதான் சொல்ல வந்துச்சு."

"எனக்கு மொகம் இருக்குறது தப்பாப் போச்சு," என்று எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அவருடைய வலப்பக்கமாக நின்றாள்.

"வியாழக்கிழமை நானும் வரேன். டாக்டர் சொல்றத முழுசாக் கேக்க ஒரு ஆள் வேணும்ல?"