ஏற வேண்டிய எண், இறங்க வேண்டிய எண்

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, கடந்த வைகாசியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. வீட்டிலேயே சோதித்தபோது இரண்டு கோடு விழுந்தது. அந்தச் சந்தோஷம் ஐந்து நாள்தான். ஆறாம் நாள், கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் கம்பெனியில், பேக்கிங் மேசை முன்னால் நின்றிருந்தபோது இடது அடிவயிறு சுருக்கென்று வலித்தது. பாத்ரூம் போய்ப் பார்த்தேன். ரத்தக்கறை.

என் வீட்டுக்காரர் சேகர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருந்தது. பீட்டா ஹெச்சிஜி என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள்.

டாக்டரம்மா சொன்னார்: “கரு இருக்குதுன்னு ரத்தம் சொல்லுது. எங்க இருக்குதுன்னு ஸ்கேன்ல தெரியல. நல்லபடியா இருந்தா ரெண்டு நாள்ல இந்த ரத்த டெஸ்ட்டோட எண் நல்லா ஏறணும். ஏறலன்னா கருக்குழாய்ல, அதான் டியூப்ல, தங்கியிருக்கோன்னு சந்தேகப்படணும். டியூப் வெடிச்சா உயிருக்கே ஆபத்து. நடுவுல வலி அதிகமானாலோ, தோள்பட்டை வலிச்சாலோ, மயக்கம் வந்தாலோ உடனே வந்துடணும்.”

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அந்த இரண்டு நாளும் அசையாமல் படுத்திருந்தேன். தும்மக்கூடப் பயம். தோள்பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். பெரியபாளையத்து பவானி அம்மன் படத்தைப் பார்த்து, “எண் ஏறணும் தாயே, ஏறணும்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வலி இல்லை. கறையும் நின்றிருந்தது.

“அதான் ஆத்தா நிறுத்திட்டாளே,” என்றார் மாமியார். “திரும்ப இன்னாத்துக்கு ஊசி குத்திக்கினு? ஊட்லயே கம்முனு படு.”

எனக்கும் போக மனசில்லை. போனால் கெட்ட சேதி வந்துவிடுமோ என்று பயம். விளக்கேற்றிக் கும்பிட நின்றேன். இரண்டு நாளாகக் கேட்டது வாயில் வரவில்லை. “எங்க இருந்தாலும் காட்டிடு தாயே, மறைச்சு வைக்காதே” என்றுதான் வந்தது. எப்படி வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

சேகரிடம், “வண்டிய எடுங்க, போலாம்” என்றேன்.

எண் பேருக்குத்தான் ஏறியிருந்தது. மறுபடி ஸ்கேன். இந்த முறை இடது டியூபில் சின்ன உருண்டையாகத் தெரிந்தது. “இன்னும் வெடிக்கல. சரியான நேரத்துல வந்தீங்க. ஊசி மருந்துல கரைச்சுப் பாக்கலாம்,” என்றார் டாக்டரம்மா.

சம்மதக் கையெழுத்துப் போடப் பேனா நகரவில்லை. ஆறு வருஷம் கேட்ட பிள்ளை.

ஊசி போட்ட நான்காம் நாள் ரத்தம் எடுத்தார்கள். எண் குறையவில்லை, கூடியிருந்தது. முதலில் அப்படி ஏறுவது உண்டு, ஏழாம் நாள் பார்க்கலாம் என்றார்கள். நடுவில் இருந்த நாட்களில் வயிறு லேசாகப் புரண்டாலும் வெடித்துவிட்டது என்றே நினைப்பேன். எந்த எண் ஏற வேண்டும் என்று கெஞ்சினேனோ, அதே எண் இறங்க வேண்டும் என்று கெஞ்சினேன். ஒரு தாய் இப்படி வேண்டலாமா என்று அழுதேன்.

மாமியார் என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். “அழாதடி. நீ இருந்தாத்தான் எங்களுக்கு எல்லாம். அன்னிக்கி போவாதேன்னு சொன்னேனே, பாவி நானு,” என்று அவரும் அழுதார்.

ஏழாம் நாள் எண் இறங்கியது. அதற்குப் பிறகு வாராவாரம் இறங்கி, கடைசியில் ஒன்றுமில்லை என்று வந்தது. சேகர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தலைக்கு மேல் கை கூப்பிக் கும்பிட்டார்.

ஆடியில் பெரியபாளையம் போய், நேர்த்திக்கடனாக வேப்பிலையால் ஆன வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வந்தேன். எனக்கு இன்னும் பிள்ளை இல்லை. உயிர் இருக்கிறது. அது அவள் போட்ட பிச்சை. முன்பெல்லாம் “கொடு” என்று மட்டும் கேட்பேன். இப்போது “காட்டு, தாங்குகிற தைரியமும் கொடு” என்கிறேன். கம்பெனியில் எந்தப் பெண்ணாவது நாள் தள்ளி வயிறு வலிக்கிறது என்றால், பர்மிஷன் போட்டு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இதைப் படிக்கும் சகோதரிகளே, அவளை நம்புங்கள். நம்பிக் கும்பிட்டுவிட்டு, டாக்டர் சொன்ன நாளில் ரத்தம் கொடுக்கப் போங்கள். எனக்கு அவள் பதில் சொன்னது ஒரு லேப் காகிதத்தில்தான்.