மின்சாரம் போனாலும் தாங்கும் என்றேன்

ஈப்போவில் கணினி பழுது பார்த்துப் பிழைக்கும் எனக்கு, பீடோர் பக்கத்தில் நான் பிறந்த தோட்டத்து மாதா கோயில் கமிட்டி என்றாலே இளக்காரம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, சனங்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள், கமிட்டித் தலைவர் மட்டும் மாறவே இல்லை. தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்த எஞ்சினை அந்தக் காலத்தில் நேரம் பார்த்து நிறுத்தியவர் அவர். இன்றும் பூசை முடிந்தால் விளக்கு, விசிறி, கணினி என்று எதையும் தனித்தனியாக அணைக்கமாட்டார். மெயின் சுவிட்சை ஒரே அடியாக இறக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்.

என் அத்தைக்கு அறுபது தாண்டியும், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டைதான். பிறப்புப் பத்திரம் இல்லை. இந்த நாட்டில் பிறந்தவள் என்று காட்ட அவளிடம் இருந்த ஒரே சாட்சி, கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பக்கம். அதைக் கறையான் தின்றுகொண்டிருந்தது, கமிட்டி பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய், பதிவேடு முழுவதையும் கோயில் கணினியில் ஸ்கேன் செய்தேன். அத்தையின் பக்கம் மங்கலாக வந்திருந்ததால் கடைசியில் அதை மட்டும் மறுபடி எடுத்து, பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். தலைவர் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, மெயின அடிச்சிரவா? இல்ல அதுக்குன்னு தனியா நிறுத்தணுமா?"

முதல் தடவையாக மனிதர் ஒழுங்காகக் கேட்டார். எனக்கோ மேதாவித்தனம் பொங்கியது.

"அடிங்கண்ணே. இது பழைய சிஸ்டம் இல்லலா. கரண்ட் போனாலும் தாங்கும்."

அடித்தார். ஆசீர்வதித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். எல்லாம் கணினியில் ஏறிவிட்டதே என்று, நான் போன பிறகு கறையான் அரித்த பதிவேட்டை எரித்து, சாம்பலைக் கோயிலுக்குப் பின்னால் புதைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு என் லேப்டாப்பில் நகல் எடுக்கப் போனேன். கணினி ஒரு குறையும் சொல்லாமல் திறந்தது. எல்லாப் பக்கமும் இருந்தன. அத்தையின் பெயரிட்ட கோப்பும் இருந்தது, அளவு பூஜ்ஜியம். கோப்பின் பெயரும் இடமும் கெடாமல் இருக்கத்தான் அந்த சிஸ்டம் குறிப்பு எழுதிவைக்கிறது. உள்ளே இருப்பதற்கு அது பொறுப்பல்ல. புதிதை எழுதுவதற்காகப் பழையதை அழித்துவிட்டது. புதிது டிஸ்க்குக்குப் போகும் முன்பே சுவிட்ச் இறங்கிவிட்டது. கோப்பைத் திறந்தே பார்க்காமல் முத்திரை குத்தும் குமாஸ்தாவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இதெல்லாம் எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லிக் காசு வாங்குகிறேன்.

அன்று மாலை அத்தை வீட்டில் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். தலைவரும் வந்திருந்தார். அவள் திரையில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தாள்.

"பேரு இருக்குல்ல. அதக் காட்டுனா போதாதா?"

"போதாது அத்தை. உள்ள ஒண்ணுமில்ல."

தலைவர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "என்னால வந்தது தங்கச்சி. நாந்தான் சுவிட்ச அடிச்சேன். பொஸ்தகத்தயும் நாந்தான் எரிச்சேன். மன்னிச்சிரு."

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை, நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை அவரைத் திட்டித் தீர்த்தாள். நான் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்பினேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.