மட்டையால் மூடாத கிளாஸ்

போன சனிக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? என் மனைவி ஜெயா தானாகவே என்னைத் தவறணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்! நம்பினால் நம்புங்கள். "குடிகாரர் போற இடத்திலை எனக்கென்ன வேலை?" என்று இருபத்தைந்து வருடமாகச் சொன்னவள். அவள் வேலை செய்யும் பாலர் பாடசாலையில் யாரோ ஒருத்தியின் பிறந்தநாளை அங்கே வைத்தார்களாம். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த தட்டையும் அப்பிள் மசியலும் தின்ற நாளிலிருந்து அது நல்ல கடையாகிவிட்டது. "இஞ்சேருங்கோ, அங்கை போவமே?" என்கிறாள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஜேர்மனியின் கொலோன் பழைய நகரில், ஆற்றங்கரைப் பக்கம், எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்து அது. அதன் முடிவில்தான் அந்தப் பழங்காலத்துத் தவறணை. உள்ளே நுழைந்ததுமே பியர் காய்ச்சும் மணம் மூக்கில் ஏறிவிட்டது. நெல் அவிக்கும்போது ஒரு வாசம் வருமே, கிட்டத்தட்ட அதுதான். அதோடு வெங்காயம் பொரிகிற மணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மணம் வந்தால் எனக்கு மைஸ்டர் ஞாபகமும் கூடவே வரும்.

மைஸ்டர் என் முதல் முதலாளி. வீடுகளுக்கு ஹீட்டர் குழாய் பூட்டும் கம்பனி அவருடையது. ஆள் பனை உயரம். பேச்சு மட்டும் கூப்பன் அரிசி மாதிரி அளந்துதான் வரும். நான் அவரிடம் தற்காலிக வேலைக்காரன். நிரந்தர வேலை இல்லாவிட்டால் ஜெயாவுக்கு விசா இல்லை. தாலி கட்டிய கையோடு பிரிந்து வந்தவன் நான். அவளோ கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், நான் நல்ல செய்தி சொல்வேன் என்று மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தாள். என் வேலைத் தவணை முடிகிற வாரம், வியாழக்கிழமை மைஸ்டர் சொன்னார்: "நாளைக்கு வேலை முடிய ஒரு பியர் குடிப்போம். அங்கே கதைப்போம்."

பியரா! நான் அதுவரை வாயில் வைத்ததே இல்லை. அறையில் கூட இருந்த ரவி அண்ணையிடம் யோசனை கேட்டேன். எனக்கு முந்தி ஜேர்மனிக்கு வந்தவர். அவருக்குத் தெரியாத விஷயம் இந்த நாட்டிலேயே கிடையாது. அதில் எது சரி என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

"பச்சைத்தண்ணி கிண்ணி கேட்டுப்போடாதை, நக்கலடிப்பாங்கள். தாறதை வேண்டாமெண்டும் சொல்லாதை. முதலாளி வாங்கித் தாறதிலை மிச்சம் விட்டால் அவருக்கு அவமரியாதை. விளங்கிச்சோ?"

"ஓம் அண்ணை" என்றேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

கொலோன் வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கிளாஸ் சின்னது. அது வெறுமையானதும் நீல ஏப்ரன் கட்டிய பரிமாறுகிறவர் கேளாமலே அடுத்ததை வைத்துவிட்டுப் போவார். போதும் என்றால், கிளாசுக்கு அடியில் கிடக்கும் வட்ட மட்டையை எடுத்து மேலே மூட வேண்டும். நம் பந்தியில் இலையை மடிக்கிற மாதிரிதான். இதை ரவி அண்ணை சொல்லவில்லை. அவருக்கே தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு வேலை முடிந்தது. இதே தவறணையில்தான் போய் உட்கார்ந்தோம். கசப்பு மருந்து குடிப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். அடுத்ததை வைத்தார். அதையும் குடித்தேன். இன்னொன்று வைத்தார். மைஸ்டரும் விடாமல் குடித்தார். கதைப்போம் என்ற மனுசன் ஒரு சொல்லும் கதைக்காமல் என் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓகோ, என் பலத்தைச் சோதிக்கிறார் என்று நினைத்துவிட்டேன். தோற்றால் ஜெயா லொட்ஜிலேயே கிடப்பாள்! முருகா என்று அடுத்ததை எடுத்தேன். சுவரில் மாட்டியிருந்த மான்கொம்பு மெல்ல ஆடத் தொடங்கியது. மைஸ்டரின் மூக்கு தக்காளியாகிவிட்டது.

கடைசியில் பொறுக்க முடியாமல் எழும்பி நின்று, தெரிந்த அரைகுறை ஜேர்மனில் கத்தினேன். தமிழில் சொன்னால் இதுதான்: "மைஸ்டர், என்ரை மனிசி வரவேணும்! வேலை இருக்கோ, இல்லையோ?" தவறணை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மைஸ்டர் திருதிருவென்று விழித்தார். "வேலையா? அதைத் திங்கட்கிழமையே முடிவு செய்துவிட்டேனே! கடைசிக் கிளாசோடு சொல்லலாம் என்று, நீ இப்போது மூடுவாய், இப்போது மூடுவாய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். விருந்தாளி மூடாமல் நான் எப்படி மூடுவது? வீட்டுக்குப் போனால் என் மனைவி என்னைக் கொல்லப்போகிறாள்!" சொல்லிக்கொண்டே தன் கையாலேயே என் கிளாசை மூடினார்.

கடவுளே! அந்தப் பெரிய மனிதரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். பிறகு ஓடினேன். சந்து முனையில் ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்தது. கார்டைச் செருகி லொட்ஜுக்கு அடித்தேன். "ஜெயா பிள்ளை, ஜேர்மனி கோல்!" என்று லொட்ஜ்காரர் கத்துவதும், படியில் அவள் செருப்புச் சத்தமும் கேட்டன.

"ஜெயா, வேலை கிடைச்சிட்டுது! நிரந்தரம்!"

அந்தப் பக்கமிருந்து அவள் கேட்டாள், "குடிச்சுப்போட்டோ கதைக்கிறியள்?"

நான் பதில் சொல்லுமுன் கார்ட் முடிந்து கோல் கட்டாகிவிட்டது.

இப்போது மைஸ்டர் இல்லை. அவருடைய கம்பனியும் கைமாறி, வேறு பெயரில் நடக்கிறது. நாங்கள் இருந்த மேசையில் போன சனிக்கிழமை உல்லாசப் பயணிகள் கிளாசைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது ஜெயா சந்து முனையில் நின்றுவிட்டாள்.

"எதிலை நிண்டு அண்டைக்குக் கோல் எடுத்தனீங்கள்?"

காட்டினேன். கூண்டு போய்விட்டது. அந்த இடத்தில் வாடகை ஸ்கூட்டர்கள் கிடந்தன.

"நீங்கள் சொன்னதை நான் நம்பேல்லை" என்றாள். "வெறியிலை உளறுறியள் எண்டுதான் நினைச்சனான்."

"பிறகு?"

"பிறகென்ன, நம்பாட்டிலும் ஓடிப்போய் இனிப்பு ரொபி வாங்கி லொட்ஜ் முழுக்கக் குடுத்தனான்."

இத்தனை வருடமும் இதை எனக்குச் சொல்லவில்லை, பாருங்கள்! நடுத்தெருவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த லொட்ஜையும் இடித்துவிட்டார்களாம். அவளைப் போலவே விசாவுக்குக் காத்திருந்து, அன்று அந்த ரொபியைத் தின்ற சனமெல்லாம் இப்போது எந்தெந்த நாட்டில் இருக்கிறதோ.