எலியின் முகத்தில் அடித்த கறுப்பு

மனிதர்கள் நடமாடும் துப்பறியும் கதையில் கொலைகாரனை ஒளித்து வைப்பது ஒரு வேலையே இல்லை. நீளக் கோட்டு ஒன்று, தொப்பி ஒன்று, சுவரில் ஒரு நிழல், தீர்ந்தது. மிருகங்கள் நடமாடும் கதையில் அந்தச் சௌகரியம் கிடையாது. நிழலுக்குக் காது நீண்டால் முயல், மூக்கு நீண்டால் நரி, பின்னால் வால் சுருண்டால் பன்றி. இரண்டாம் பக்கத்திலேயே குட்டு உடைந்துவிடும். துப்பறியும் கீரியின் படக்கதைகளில் பாதி இடம் கறுப்பாகக் கிடந்ததற்குக் காரணம் இதுதான். வாசகர்கள் அதைக் கலை என்றார்கள். கறுப்பு அடித்த மையக்காவுக்கு அது வாலை மறைக்கிற பாடு.

மையக்கா என்பது அச்சகத்தில் வைத்த பெயர். படமும் கதையும் அவள் கணவருடையவை. மூன்றாவது மாடி வீட்டில் ஜன்னலோரம் ஒரே மேஜை. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். அவர் பேனாவால் கோடு போட்டுவிட்டு, கறுப்பு வர வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போடுவார். குறி இருக்கிற இடத்தில் அவள் பிரஷ்ஷால் மை நிரப்புவாள். காய்ந்ததும் மிச்சம் தெரியும் பென்சிலை ரப்பரால் அழிப்பாள். கல்யாணமான மறுமாதம் தொடங்கியது இந்த ஏற்பாடு. குறி இல்லாத இடத்தில் அவள் கை வைத்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

கணவருக்கு ஒரு பழக்கம். தெரிந்தவர்களையெல்லாம் மிருகமாக்கிக் கதைக்குள் போட்டுவிடுவார். வீட்டுக்காரர் நீர்யானையாகி ஓட்டல் நடத்தினார். பத்திரிகை முதலாளி தவளையாகிச் சூதாட்ட விடுதியில் சுருட்டுப் பிடித்தார். தன் படம் என்று தெரியாமல் அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருந்தார். மையக்காவை மட்டும் அவர் வரைந்ததே இல்லை. கேட்டதற்கு, "உனக்கு எதுவும் ஒத்து வரலம்மா" என்றார். அது பாராட்டா திட்டா என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவர்களுக்கு ஒரே பையன். மூக்குக் கண்ணாடி, முன்பல்லில் ஒரு சின்ன உடைசல். அந்த மேஜைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவன். கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் முதலாளி போன் செய்து, "அப்பா என்ன பண்றார், பக்கம் இன்னும் வரலையே" என்று கேட்டார். பையன் உள்ளதைச் சொன்னான்: "இன்னொரு பத்திரிகைக்கு வரைஞ்சிட்டு இருக்கார் சார்." அப்படி வேறு இடத்தில் வரையக் கூடாது என்று பேச்சு இருந்தது அவனுக்குத் தெரியாது. முதலாளி கீரியை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்.

திரும்பத் தொடங்கிய முதல் கதையில் ஒரு எலி வந்தது. கண்ணாடி போட்ட எலி, முன்பல் உடைந்த எலி. கூட இருந்தவர்களைப் போலீசுக்குக் காட்டிக் கொடுக்கிற எலி. கடைசிப் பக்கத்தில் மழை பெய்யும் சந்தில் செத்துக் கிடந்தது. கல்லூரியில் அவனை 'எலி' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். மாதம் முடிவதற்குள் வீட்டை விட்டுப் போய்விட்டான்.

"கோழி மிதிச்சு குஞ்சு சாகுமா? கோவம் தணிஞ்சா வருவான்" என்றார் கணவர். வரவில்லை. ஆறு வருஷமாக மையக்காவின் தம்பி வழியாகத்தான் செய்தி: உயிரோடு இருக்கிறான், வேலையில் இருக்கிறான், இடத்தைச் சொல்லக் கூடாது என்றிருக்கிறான். தாய்மாமனிடம் மட்டும் பேசுகிறானே, அந்த மட்டில் சரி என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் பிரஷ் நின்றுவிடும்.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான். எலி திரும்பி வர வேண்டும். கதையில் எலி நல்லவனாக, உயிரோடு வந்தால் பையன் எங்கேயாவது கடையில் அதைப் பார்ப்பான். அப்பா மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிந்துகொள்வான். வாயால் கேட்கிற மனுஷனா அவர்? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

"செத்தவன் எப்படி வருவான்? பொணத்தையே காட்டியாச்சு" என்றார் அவர்.

மையக்கா பழைய இதழை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள். "எலி செத்ததுன்னு யாருங்க பார்த்தா? பாருங்க. கோட்டுதான் தெரியுது. முகம் முழுக்கக் கறுப்பு. வாலும் தெரியல. கோட்டை யார் வேணா போட்டுக்கலாம்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நான் முகத்துக்குக் குறி போடலையே."

"நான்தான் அடிச்சேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. இதழை மூடி அவள் பக்கம் தள்ளினார். பிறகு பென்சிலை எடுத்தார். அன்றைக்கு மையக்கா சமையலறையில் போய் நின்று அழுதாள், சந்தோஷத்தில்தான்.

எலி வந்தது. பொய்ப் பழி சுமந்தவன், கீரியின் உயிரையே காப்பாற்றியவன். கடைசிக் கட்டத்தில் கீரி தொப்பியைக் கழற்றி, "தப்பு என்னுடையது" என்றது. கீரி என்றால் கணவரேதான்; தன் இருமலைக்கூட அதற்குக் கொடுத்திருந்தார். அந்த வார்த்தையையும் அவர்தான் எழுதினார். இதழ் கடைக்கு வந்தது. ஒரு மாதம் போயிற்று, இன்னொரு மாதமும் போயிற்று. படியில் செருப்புச் சத்தம் பக்கத்து வீட்டுக்காரருடையதாகவே இருந்தது. மையக்கா தம்பி வீட்டுக்குப் போய், விலாசம் வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

பையன் இன்னொரு நகரத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிற பட்டறையில் இருந்தான். பெரிய இரும்பு உருளைகள், சுருட்டிப் போட்ட கம்பிவடம், தரையெல்லாம் கிரீஸ். அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். இளைத்திருந்தான். பல்லை அடைத்திருந்தான்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சுப்பா. நீ எங்க தங்கியிருக்க?"

"மேலேயே ஒரு ரூம். எலி வளைன்னாலும் தனி வளை" என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைத்ததோ என்னவோ, சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

அவள் பையிலிருந்து இதழை எடுத்து நீட்டினாள். "அப்பா உனக்காக வரைஞ்சதுப்பா. கடைசிப் பக்கத்தைப் பாரு. எலி சாகவே இல்ல."

அவன் நின்றபடியே புரட்டினான். முழுக்கப் படித்தான். மூடி அவள் மடியில் வைத்தான்.

"அப்பா மேல எனக்குக் கோவம் இல்லம்மா. அது அப்பவே போச்சு."

"அப்புறம் ஏன்டா வரல?"

"அந்தச் சந்துப் பக்கத்தை நான் மேஜையில பார்த்தேன். நீ மை போடறதுக்கு முன்னாடி. அப்பா என் மூஞ்சிய அப்படியே வரைஞ்சிருந்தார். கண்ணு, கண்ணாடி, உடைஞ்ச பல்லு எல்லாம். முகத்துல குறியே இல்ல. எவ்ளோ கோவத்துலயும் அவருக்கு என்னை அழிக்க மனசு வரலன்னு நெனச்சேன்." கிரீஸ் படிந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மறுநாள் பார்த்தா கறுப்பு. குறி இல்லாத இடத்துல நீ கை வைக்க மாட்டியேம்மா."

மையக்கா அவன் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ செத்துக் கெடக்கறத என்னால பார்க்க முடியலடா. அதான் மூடினேன். வேற ஒண்ணும் இல்ல."

"இருக்கும்மா. இப்போ புரியுது." அவன் குரலில் வருத்தம்கூட இல்லை. "ஆனா ஆறு வருஷமா, நீயும் என்னைக் காட்டிக் கொடுத்தவனாத்தான் நெனச்சிருக்கன்னு நம்பிப் பழகிட்டேன். இனிமே அதை மாத்திக்க வரல. நான் இங்கயே இருக்கேன், விடு."

உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். பஸ் ஏற்றிவிட ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். இதழை அவள் ஸ்டூலின் மேலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலேயே வந்து அதை அவள் பையில் வைத்தான்.

வீட்டில் கணவர் கதவருகே நின்றிருந்தார். "பார்த்தானா? என்ன சொன்னான்?"

அவர் முகத்தைப் பார்த்தாள். குறி இல்லாத இடத்தில் மறுபடியும் மை அடித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குன்னான்."

"சொன்னேன்ல. அப்போ எலிய விடக் கூடாது, மாசாமாசம் வரட்டும். ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் வந்துடுவான்." அவர் பென்சிலைச் சீவ உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவள் பக்கம் வந்த தாளில் எலி தெருவிளக்கடியில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் பெருக்கல் குறிகள். முகத்தில் ஒன்றும் இல்லை. மையக்கா பிரஷ்ஷைத் தோய்த்து, முகத்துக்குள் ஒரு பொட்டு மைகூடப் போய்விடாமல், அதன் ஓரமாகவே மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கை நிற்கவில்லை.