பலகையில் ஏறிய மேலூர்

போர்ட் பிளேயரில் வார்டுத் தேர்தல் வந்திருப்பது உங்களுக்குத் தெரியவேண்டுமானால் ஜங்லிகாட் இறக்கத்தில் கொஞ்சம் நிதானமாக நடக்கவேண்டும். வேகமாக நடந்தால் தேர்தலைத் தவறவிட்டுவிடுவீர்கள். இறக்கத்தின் பாதியில் ஒரு தென்னை மரம். அதில் முழ நீளத்துக்கு ஒரு பலகை. பலகையில் தாரால் ‘ஷிவ்சரண்’ என்று இந்தியில் ஒரு பெயர், கீழே ஒரு குடை. அவ்வளவுதான். வணக்கம் இல்லை, வாக்குறுதி இல்லை, பொன்னான வாக்கு என்ற கெஞ்சல் இல்லை. நேற்றுக் காலை கடை திறக்கப் போகும்போது அதைப் பார்த்து நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் காணாமல்போன மாட்டுக்குக்கூட இதைவிட நன்றாக விளம்பரம் செய்வார்கள். பலகையும் புதிதல்ல, போன தேர்தலில் அடித்த அதே பலகை. குடையின் கைப்பிடிக்கு மட்டும் புதிதாகத் தார் பூசியிருந்தார்கள்.

எங்கள் மேலூரில் தேர்தல் என்றால் முதலில் சுவர்களுக்குத்தான் காய்ச்சல் வரும். வெள்ளையடித்த சுவர் ஒன்று தெருவில் தனியாக நின்றுவிட முடியாது. ‘இது எங்கள் சுவர்’ என்று மூலையில் எழுதி யாராவது பிடித்துவைத்திருப்பார்கள். இளவட்டமாக இருந்த காலத்தில் அந்தச் சுவர்களுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். காவியும் நீலமும் வஜ்ரப்பசையில் குழைந்தால் எனக்கு மோனை தானாக வரும். ஏழையை வாசற்படியில்கூட உட்காரவிடாத அரிசி ஆலைக்காரரை ‘ஏழையின் ஏந்தல்’ ஆக்கியவன் நான். அவர் ஜெயித்தார், ஏழைகள் அதே வாசலுக்கு வெளியே நின்றார்கள். அந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம், பெயருக்கு முன்னால் ஊர் வரவேண்டும் என்பது. ஊர் இல்லாத பெயர் உப்பில்லாத பண்டம். ஊரைச் சொன்னால்தான் இவனைக் கேட்க நாலு பேர் இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குப் புரியும்.

இந்தத் தீவுக்கு நான் வந்தது ஒன்றும் பெரிய சாகசம் இல்லை. தூரத்து உறவினர் ஒருவரின் மளிகைக் கடையை ஆறு மாதம் பார்த்துக்கொள்ள வந்தேன். அவர் மெயின்லேண்டுக்குப் போனார், போனவர் போனவர்தான். கடை என் தலையில் விழுந்தது. பிறகு கல்யாணம் முடித்து வள்ளியம்மையையும் கப்பலேற்றிக் கூட்டிவந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும், “அடுத்த பொங்கலுக்கு ஊரோட போயிருவோம்” என்று சொல்லிவருகிறேன். முதல் இரண்டு வருஷம் அவள் டிரங்குப் பெட்டியைத் துடைத்துவைத்தாள். மூன்றாவது வருஷம் அதில் உளுந்து கொட்டிவைத்துவிட்டுக் கொல்லையில் பலாக்கன்று நட்டாள். எங்கள் சந்தில் குழாய் கிடையாது. கோடையில் பள்ளத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமந்து மேடு ஏறவேண்டும். போன வார்டுத் தேர்தல் வந்தபோது என்னை நிற்கச் சொன்னது அவள்தான்.

“நில்லுங்க. குழாய் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். மெம்பர் ஆயிட்டீகன்னா ஊருக்குப் போறேன், ஊருக்குப் போறேன்னு சொல்ல வாய் வராதுல்ல?” என்றாள்.

குழாய்க்காக என்று வெளியில் சொன்னோம். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. நாம் இங்கே இருக்கப்போகிறோமா இல்லையா என்பதற்கு என் வாயிலிருந்து ஒரு பதில். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தேர்தல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த சுவர்க் கவிஞன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான்.

சின்னம் ஒதுக்குகிற அன்றே சகுனம் சரியில்லை. எட்டு மாதம் மழை கொட்டுகிற ஊரில் ஷிவ்சரணுக்குக் குடை கிடைத்தது. எனக்கு ஏணி. ஷிவ்சரண் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், லோக்கல். தாத்தா கைதியாக வந்து, விடுதலையான பின் இங்கேயே மண் கொத்திப் பிழைத்தவர். பீடி வாங்க என் கடைக்குத்தான் வருவார். தென்னையில் அவர் அடித்த பலகையைப் பார்த்துவிட்டு எனக்கே மனசு கேட்கவில்லை.

“க்யா பாய், பஸ் இத்னா ஹீ? ஔர் குச் நஹீ லிக்கா?” என்றேன். இவ்வளவுதானா, வேறொன்றும் எழுதவில்லையா என்று.

“ஔர் க்யா லிக்னா, அண்ணா? நாம் ஹை, சாத்தா ஹை” என்றார். பெயர் இருக்கிறது, குடை இருக்கிறது, இன்னும் என்ன என்பது அவர் கட்சி.

எந்த ஊர்க்காரர் என்றாவது போடக்கூடாதா என்று கேட்டேன். அவர் காலுக்குக் கீழே விரலைக் காட்டி, “யஹீ கா” என்றார். இங்கேதான். சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இல்லாத மனிதர், பாவம் என்று நினைத்துக்கொண்டு பீடிக் கட்டில் ஒன்று கூடுதலாகக் கொடுத்தேன்.

என் பலகை அப்படி இருக்குமா? படாக் மரத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு பலகை வாங்கினேன். தூக்கி ரோட்டோரம் நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்தது. இடது பாதியில் ‘மேலூர் தந்த மேன்மையாளர்’, வலது பாதியில் ‘சொன்னதைச் செய்யும் சொக்கலிங்கம்’. தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை. மேலூர் எங்கே இருக்கிறது என்று வங்காளிகளுக்கும் தெலுங்கர்களுக்கும் தெரியாமல் போய்விடக்கூடாதே என்று பக்கத்திலேயே ‘மத்ராஸ்’ என்றும் போட்டேன். நல்ல பெயின்ட் கொஞ்சம்தான் கிடைத்தது. கப்பலுக்கு அடிக்கிற பெயின்ட். அதை ஊருக்கும் ஏணிக்கும் செலவழித்தேன். மீதிக்கு மேலூர் முறைப்படி காவியும் நீலமும் வஜ்ரப்பசையும். எங்கள் ஊர்ச் சுவரில் அந்தக் கலவை அடுத்த தேர்தல்வரை நிற்கும். இங்கே முதல் மழைக்கே இறங்கி ஓடிவிட்டது. மேன்மையாளர் போனார், சொன்னதைச் செய்கிறவர் போனார், சொக்கலிங்கமும் சேற்றோடு போனார். வெயில் வந்தபோது பலகையில் மிச்சம் இருந்தது ‘மேலூர், மத்ராஸ்’, அதன் அருகே ஓர் ஏணி. ஊர்தான் இருக்கிறதே, யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மீன் விற்கிற அப்பளம்மா கடைக்கு வந்தாள். தெலுங்குக்காரி. “அண்ணா, ஜஹாஜ் கப் ஹை?” என்றாள். கப்பல் எப்போது என்று கேட்டால் மளிகைக்காரனுக்குப் பருப்பும் புளியும் வருகிற கப்பல்தானே நினைவுக்கு வரும்? “அக்லே ஹஃப்தே, பக்கா!” என்று கம்பீரமாகச் சொன்னேன். அடுத்த வாரம், சந்தேகமே வேண்டாம். அவள் முகம் வாடியது. கூடையிலிருந்து ஒரு பொட்டலம் கருவாட்டை எடுத்து என் கையில் வைத்து, காசு வாங்காமல் போய்விட்டாள். அன்று மாலைக்குள் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், நல்லபடியாக இருங்கள் என்றார்கள். ஒருவர் கண்கூடக் கலங்கினார். மக்கள் அன்பு இப்படிக் கரைபுரளும் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டுக்குப் போய் கருவாட்டை வள்ளியம்மையிடம் நீட்டி, “அலை அடிக்குதுடி” என்றேன்.

அவள் குடத்தை இறக்கிவைத்தாள். “கிணத்தடியில எல்லாரும் என் கையப் புடிச்சு அழுதாக. நாம அடுத்த வாரம் கப்பல்ல போறோமாம்ல. ஊரு பேரப் போட்டு, கப்பல் ஏறுற ஏணியும் வரைஞ்சு பலகையில சொல்லிட்டீகளாம்ல.”

நான் கருவாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன்.

“வீட்டுக்குள்ள தெனம் சொல்றது பத்தாதுன்னு ரோட்டுலயும் எழுதி வச்சுட்டீக” என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். பயந்துபோய்ச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தாத்தாவோ அப்பாவோ எங்கிருந்து எந்த விலங்கோடு வந்தார் என்று ஒருவரை ஒருவர் கேட்காமல் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிற ஊர் இது. இங்கே பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொள்கிறவன் போகப்போகிறவன்தான். ஷிவ்சரண் காலுக்குக் கீழே விரல் காட்டியபோதே எனக்கு இது உறைத்திருக்கவேண்டும். மண்ணெண்ணெயும் துணியுமாக ஓடினேன். உப்புக் காற்றுக்கே அசையாத கப்பல் பெயின்ட், என் துணிக்கா அசையும்? ஏணியின் ஒரு படியைக்கூட அழிக்க முடியவில்லை.

டெபாசிட் போயிற்று. ஜெயித்த ஷிவ்சரண் மாலையைக்கூடக் கழற்றாமல் நேராக என் கடைக்குத்தான் வந்தார். மெம்பராக அவர் செய்ய நினைத்த முதல் உதவி எனக்குத்தான். கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று கஷ்டப்பட வேண்டாம், ஆபீசில் சொல்லிவைக்கிறேன் என்றார். நான் போகவில்லை என்று நம்பவைக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. குழாயும் அவரே கொண்டுவந்தார். பலகையில் எழுதாத வாக்குறுதி அது. பக்கத்துச் சந்துவரை வந்து நின்றுவிட்டது, எங்கள் சந்துக்கு இன்னும் வரவில்லை.

ஆகவே இந்த முறையும் நான் நிற்கிறேன். சிரிக்காதீர்கள். முந்தாநாள் நான் கப்பல்துறை ஜெட்டிக்குப் போயிருந்த நேரத்தில் வள்ளியம்மை ஆசாரியைக் கூப்பிட்டு அந்தப் படாக் பலகையை நடுவில் அறுத்துவிட்டாள். மழை துடைத்த பாதியை என்னிடம் கொடுத்து, தார் டப்பாவையும் குச்சியையும் வைத்து, பக்கத்திலேயே நின்றாள். ‘சொக்கலிங்கம்’ என்று எழுதினேன். இந்த முறை சின்னம் அரிக்கேன் விளக்கு, அதையும் வரைந்தேன். ‘சொன்னதைச் செய்யும்’ என்று ஒரு வரி சேர்க்கக் கை அரித்தது. “எதைச் சொன்னீக, எதைச் செஞ்சீக?” என்று கேட்டாள். குச்சியைக் கீழே வைத்தேன். இன்று காலை தென்னையில் குடைக்குக் கீழே அதை ஆணியடித்துவிட்டு, எட்ட நின்று பார்த்தேன். மேலூர்ச் சுவர் எழுதிய எவன் பார்த்தாலும் காறித் துப்புவான். அப்பளம்மா கூடையோடு அந்தப் பக்கம் போனாள். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கப்பல் எப்போது என்று கேட்காமல் போனாள்.

மற்ற பாதி கடைக்குள் இருக்கிறது. இங்கே அரிசி மூட்டையைத் தரையில் வைத்தால் ஈரம் ஏறிவிடும், அடியில் பலகை வேண்டும். நல்ல படாக்கை வீணாக்குவானேன் என்று வள்ளியம்மை மேலூரை மூட்டைகளுக்கு அடியில் போட்டுவிட்டாள். எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி போட்டது நான். இந்த மாதம் மத்ராஸ் கப்பல் தாமதம், கடையில் இருந்ததே நாலைந்து மூட்டைதான். மூட்டைகள் குறையக் குறைய முதலில் ‘மத்ராஸ்’ தெரிந்தது. இன்று கடைசி மூட்டையும் விற்றுப்போனதும் மேலூர் முழுதாக வெளியே வந்துவிட்டது. ஆள் இல்லாத மத்தியானத்தில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுத்து ஒரு துளி மங்கவில்லை. அப்போது துறைமுகத்தில் கப்பல் ஊதியது. சோறு கொண்டுவந்திருந்த வள்ளியம்மை உள்ளேயிருந்து வந்து பலகையைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“கப்பல் வந்துருச்சு, போயிட்டு வாங்க” என்றாள். “மூட்டையக் கொண்டாந்து அதுமேல அடுக்கணும்.”